பல்லைப் பிடித்துப் பார்க்க மனுஷன் என்ன மாடா?

வாலே பேராண்டி, வா. மெட்ராஸ்ல இருந்து எப்ப வந்தே? ராத்திரி பஸ்ஸா? வண்டிய எங்கன விட்டே, வேப்பமரத்து நெழல்லயா? இருக்கட்டும், எடுக்க வேண்டாம். மாடு வெயில்ல நின்னுக்கிடும், அதுக்குப் பழக்கம். வண்டி சீட்டு சுட்டா உனக்குல்லா கஷ்டம்.

கட்டில்ல உக்காரு. கயிறு தாங்கும்லே, பயப்படாதே. ஏளா, தெக்குத்தெருப் பேராண்டி வந்திருக்கான், செம்புல தண்ணி கொண்டா. அவ பைய வருவா. முட்டுவலி. குனிஞ்சா நிமிர ஒரு நாழி, நிமிந்தா நடக்க ஒரு நாழி.

என்ன சங்கதி? ம். தங்கச்சிக்கு வரன் வந்திருக்கா. நல்லதாப் போச்சு. பையன் கோவில்பட்டியா. கடலைமிட்டாய் ஊர்ல, இனிப்பாத்தான் பேசியிருப்பான். வேலை சரி, வீடு சரி, ஜாதகம் சரி, ஆனா ஆளு எப்படின்னு தெரியணும். அதுக்கு எங்கிட்ட வந்திருக்கே. நாப்பது வருஷம் மாட்டுத் தரகு பாத்த கெழவன், கண்ணால பாத்தாலே பால் எத்தனை லிட்டர்னு சொல்லிருவான், மனுஷனைச் சொல்ல மாட்டானான்னு எவன் சொன்னான்? டீக்கடைக்காரனா? அவனுக்கு நான் பாக்கி தரணும்லே. பாக்கி வரணும்னா பெருமையாத்தானே பேசணும்.

சரி, வந்தது வந்துட்டே. எனக்குத் தெரிஞ்சது மாடு. அதுல இருந்து தொடங்குதேன். மனுஷன்ட்ட எங்கன போயி முடியுதுன்னு பாப்போம்.

மாட்டுல ஒரு வசதி. வாயைத் திறந்தா வயசு தெரிஞ்சிரும். மேல முன்பல்லே கிடையாது. கீழ எட்டு. பால்பல்லு விழுந்து மொதச் சோடி முளைச்சா ரெண்டு பல்லு, பெறகு நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் முளைச்சிட்டா கடை சேந்தாச்சும்போம். ரெண்டு ரெண்டரை வயசுல ஆரம்பிச்சு அஞ்சு வயசுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அதுக்கு மேல தேய்மானக் கணக்குதான். மாடு வயசைக் குறைச்சுச் சொல்லாது. ஓட்டிட்டு வந்தவன்தான் சொல்லுவான். மனுஷன்ட்ட வாயைத் திறன்னு சொல்ல முடியுமா? அவனாத் திறந்தா சிரிக்கத்தான் செய்வான். சிரிப்புல என்னத்தத் தெரியும்? காசு குடுத்துக் கட்டின பல்லு தெரியும்.

கழுகுமலைத் தாவணி, மேலப்பாளையத்துச் செவ்வாய்ச்சந்தை, மணப்பாறைச் சந்தைன்னு நான் மிதிக்காத சாணி கிடையாது. தாவணின்னதும் முழிக்காதே, மாட்டுத்தாவணியச் சொல்லுதேன். மதுரையில அந்தப் பேருல இப்ப பஸ்ஸுதான் நிக்குது, அதனால உங்களுக்கு மறந்துபோச்சு. அங்கன நடக்கிற வேலை தெரியுமா? கறவை மாட்டை விக்க வாறவன் மொத நாள் சாயந்தரமும் கறக்க மாட்டான், அன்னைக்குக் காலையிலயும் கறக்க மாட்டான். மடி குடம் மாதிரி நிக்கும். உப்புத்தண்ணி குடிக்கவிட்டு வயித்தை நிமித்திருவான். கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, கழுத்துல சலங்கை வேற. பாக்கிறவன் வாயப் பொளந்துட்டு வாங்கிட்டுப் போவான். மறுநா காலையில செம்பை வச்சா, அரைச் செம்பு.

நாங்க என்ன செய்வோம்? தாவணியில பாத்துக்கிடுவோம், வாயத் திறக்க மாட்டோம். ரெண்டு நா கழிச்சுப் பொழுது சாயிற நேரமாப் பாத்து, அந்த ஆளு தொழுவுக்குப் போயி நிப்போம். 'இந்தப் பக்கம் ஒரு சோலி, ஒரு வாய் தண்ணி குடுங்க'ம்போம். அங்கன மாடு தொட்டியில எப்படி வாய் வைக்குது, பக்கத்து மாட்டை முட்டித் தள்ளுதா, கன்னு வந்தா நக்குதா, வீட்டுக்காரி மடியில கை வச்சா காலைத் தூக்குதா, எல்லாம் தெரிஞ்சிரும். தண்ணியக் குடிச்சிட்டு வந்திருவோம்.

உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தானே, அன்னைக்கு அவன் கறக்காத மடிலே. இஸ்திரி போட்ட சட்டை, எல்லாருக்கும் வணக்கம், உங்கப்பா சொன்ன பழைய ஜோக்குக்குக் கூடச் சிரிச்சிருப்பான். உங்கப்பா ஜோக்குக்குச் சிரிச்சதுலயே நீ உஷாராயிருக்கணும்.

கோவிச்சுக்கிடாதே. இரு, அந்தக் கன்னுக்குட்டிக்குக் கயிறு கால்ல சுத்திக்கிட்டு. எந்திரிச்சு... ஓ, நீயே எடுத்து விட்டுட்டியா? சரி, உக்காரு.

இன்னொண்ணு, மாட்டுக்குச் சுழி பாக்கிறது. உடம்புல மயிரு சுத்தியிருக்கிற இடம். கோபுரச் சுழி, ராஜ சுழி, லட்சுமி சுழின்னா குடும்பத்துக்கு ஆகும். பாடைச் சுழி, விலங்குச் சுழி, துடைப்பச் சுழின்னா ஆகாது. வாங்குறவன் அந்தச் சுழியத் தொட்டுக் காட்டி, 'ஐயோ, பாடையில்லா கட்டியிருக்கு'ன்னு ஆயிரம் ரூவா குறைப்பான். ஆறு மாசம் கழிச்சு அதே மாட்ட அவனே விக்க வருவான். கேட்டா, 'அந்தச் சுழி இது இல்லண்ணே, ஒரு விரக்கடை தள்ளியிருக்கு பாரு'ம்பான். நானே சொல்லியிருக்கேன்லே, நாக்கூசாம. அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம். எவனாவது ஒரு ஆளோட குறைய அடுக்கிட்டே போனா, இவன் எவ்வளவு குறைக்கப் பாக்கான்னுதான் மொதல்ல யோசிப்பேன்.

மனுஷனுக்கும் சுழி பாக்காங்கல்லா. நெத்தி சின்னது, புத்தி கம்மி. பூனைக்கண்ணு, நம்பக் கூடாது. ஒத்தைப் புருவம், கோவக்காரன். இது நம்மூர்க் கோட்டித்தனம் மட்டும்னு நினைச்சிருந்தேன். என் பேத்தி பாளையங்கோட்டையில மனசு பத்திப் படிக்கா, உளவியல்னு. அவ சொன்னா, இத்தாலியில லம்ப்ரோசோன்னு ஒரு டாக்டரு இருந்தாராம். 1876ல பொஸ்தகமே போட்டிருக்காரு. தாடை இப்படி இருந்தா திருடன், காது இப்படி நிமிந்திருந்தா குற்றவாளின்னு மண்டைய அளந்து அளந்து எழுதியிருக்காரு. பெறகு இங்கிலாந்துல கோரிங்னு ஒருத்தரு, செயில்ல இருந்த 3,000 பேரை அளந்து, வெளிய இருக்கிறவங்களையும் அளந்து பாத்துட்டு, 1913ல சொல்லிட்டாரு, அப்படி ஒரு தனிச் சாதி மூஞ்சியே கிடையாதுன்னு. நான் பேத்தியிட்ட, 'ஏளா, அந்த இத்தாலிக்காரரு எந்தத் தாவணியில தரகு பாத்தாரு?'ன்னு கேட்டேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கல.

நெறமும் அப்படித்தான். காங்கேயத்துக் கன்னு பொறக்கையில செவலையா இருக்கும். ஆறு மாசம் போனா சாம்பல் நெறமாகிரும். வெவரம் தெரியாதவன், கன்னை மாத்திட்டாங்கன்னு சண்டைக்கு வருவான். மொத நா பாத்த நெறத்தை வச்சுப் பத்திரம் எழுதாதே.

அப்ப எதைத்தான் பாக்கன்னு கேக்கியா? தாவணியில வெலை எப்படிப் பேசுவோம் தெரியும்லா? துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் பிடிச்சுப் பேசுவோம். வெளிய வாய், 'அய்யய்யோ, கட்டாதுய்யா'ன்னு அலறும். உள்ள விரலு, 'சரி, முடிச்சிரு'ங்கும். சுத்தி நிக்கிறவன் வாயக் கேட்டு ஏமாறுவான். நீ துண்டுக்குள்ள இருக்கிற கையைப் பாரு. அந்தக் கை எங்கன எல்லாம் தெரியும்னு சொல்லுதேன்.

டீக்கடையில தெரியும். காசு குடுக்கிற கையைப் பாக்காதே, காசு எல்லாரும் குடுப்பான். கிளாஸை வைக்கிற கையைப் பாரு. கழுவுற பையன் கைக்கு எட்டுற மாதிரி வைக்கானா, பெஞ்சுக்கடியில உருட்டி விடுதானா? நம்ம கடையில ஒரு பெரிய மனுஷரு. பேரு வேண்டாம், அவரும் இப்ப வந்தாலும் வருவாரு. எல்லாரும் சமம்னு ஒரு மணி நேரம் பேசுவாரு, கேட்டா நமக்கே கண்ணு கலங்கும். தெருக் கூட்டுற ஆளு வந்து பெஞ்சுல பக்கத்துல உக்காந்தா, அவருக்கு டக்குன்னு போன் வந்திரும். எந்திரிச்சுப் போயிருவாரு. நானும் பல வருஷமாப் பாக்கேன், மணியே அடிக்காத போனு அது.

பஸ்ஸுல தெரியும். கண்டக்டரு பாக்கியை டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுப்பாரு. எறங்குற வரைக்கும் அந்த அஞ்சு ரூவாயை மறக்காம வாங்கிருவான், கெட்டிக்காரன்னு வையி. அதே கண்டக்டரு அவசரத்துல 50 ரூவாய்க்குப் பதிலா 100 ரூவா நோட்டைக் குடுத்துட்டாருன்னா, அந்தக் கெட்டிக்காரன் கணக்கு எங்கன போகுதுன்னு பாரு. சன்னலுக்கு வெளிய போகும். ஊரே அன்னைக்குத்தான் அவனுக்கு அழகாத் தெரியும்.

மம்பட்டியில தெரியும். ஒருத்தன் உங்கிட்ட மம்பட்டி கடன் வாங்கிட்டுப் போறான்னா, திருப்பிக் குடுத்தானாங்கிறது ஒரு பார்வை. கழுவிக் குடுத்தானாங்கிறது அடுத்த பார்வை. கரிசல் மண்ணு காஞ்சா இரும்போட ஒட்டிக்கிடும், மறுநா சுரண்ட அரைநாள். எங்கப்பா ஒரு ஆளுக்குத்தான் கேக்காமலே மம்பட்டி குடுப்பாரு. அந்த ஆளு வாங்கிட்டுப் போனா, காம்பு ஆடினாக் கூட ஆப்பு அடிச்சுக் கொண்டாந்து சாத்துவாரு. வாயே திறக்க மாட்டாரு. 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை அவரு சொல்லி நான் கேட்டதில்ல.

வரப்புல தெரியும். வருஷத்துக்கு ஒரு விரக்கடை வரப்பைச் செதுக்குவான். பக்கத்துக் காட்டுக்காரனுக்குக் கண்ணுக்கே தெரியாது. 24 விரக்கடை ஒரு முழம். அப்ப 24 வருஷத்துல ஒரு முழம் மண்ணு, சத்தமில்லாம. அந்த ஆளு கோயில் கொடைக்குப் பெரிய வரி குடுத்திருப்பான், கல்லுல பேரு வெட்டியிருக்கும். சாமிக்கும் தெரியும், எந்த மண்ணுல விளைஞ்ச பருத்திக் காசுன்னு. ஆனா சாமி வரப்பு வழக்குக்கு வராது.

கோவத்துல தெரியும். பால் கறக்கையில பசு உதைச்சிரும். உதைச்ச பசுவை அடிக்கிறவன் ஒரு ரகம். பேசாம எந்திரிச்சு, மடியில புண்ணு இருக்கான்னு பாக்கிறவன் ஒரு ரகம். மூணாவது ஒரு ரகம் இருக்கு, பக்கத்துல கட்டியிருக்கிற கன்னை அடிப்பான். பசு திருப்பி உதைக்கும்லா, கன்னு உதைக்காது. மேனேஜர்ட்ட ஏச்சு வாங்கிட்டு வந்து வீட்டுல தட்டை வீசுறவன் இந்த மூணாவது ரகம். அவன் வீட்டுக்குப் பொண்ணு குடுத்தா, அவ கன்னுக்குட்டி.

அடுத்தது போனு... உனக்குத்தான்லே அடிக்குது. எடு, எடு. யாரு, அம்மாவா?

என்ன, 'அப்புறம் கூப்பிடுதேன்'னு வச்சுட்டே? சரி, பெரியவன் பேசுதான்னு மரியாதைக்கு வச்சிருப்பே. நான் ஒண்ணும் சொல்லலயே.

அன்னா ஆச்சி தண்ணி கொண்டாந்துட்டா. குடி. பானைத்தண்ணி. பிரிட்ஜுத் தண்ணி குடிச்ச தொண்டைக்கு இது எறங்குதான்னு பாரு.

இவ்வளவு நேரம் நான் சொன்னதை நீ மனசுக்குள்ள ஒரு லிஸ்ட்டு போட்டிருப்பே. கிளாஸு, டிக்கெட்டு, மம்பட்டி, வரப்பு. நாளைக்கே கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல போயி ஒளிஞ்சு நின்னு, அந்தப் பையனுக்கு மார்க்குப் போடப் போறே. அதுக்கு முன்னாடி இதையும் கேட்டுட்டுப் போ. இது சிரிக்கிற கதையில்ல.

என் தங்கச்சிக்கு ஒரு வரன் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பையன் கழுகுமலைப் பக்கம். நான்தான் பெரிய தரகனாச்சே, ஆளைப் பாத்துட்டு வாரேன்னு சொல்லாமப் போயி அங்கன டீக்கடையில உக்காந்தேன். வந்தான். டீயை வாங்கி ரெண்டு வாய் குடிச்சான். கிளாஸைப் பெஞ்சுல அப்படியே வீசின மாதிரி வச்சான். கடைக்காரரு காசு கேக்கக் கேக்க, திரும்பிக்கூடப் பாக்காம ஓடிப்போயி, கெளம்பின பஸ்ஸுல தொத்தினான். வழியில நின்ன ஒரு வயசாளிய இடிச்சுட்டும் போனான். எனக்கு அது போதும்னு பட்டது. வீட்டுக்கு வந்து, 'பய சரியில்ல, விட்டுருங்க'ன்னேன். விட்டுட்டோம்.

ரெண்டு வருஷம் கழிச்சுத் தாவணிக்குப் போனப்ப அதே கடை. பேச்சுவாக்குல அந்தப் பையனைப் பத்திக் கேட்டேன். கடைக்காரரு சொன்னாரு, அன்னைக்கு அவன் அப்பாவை வயக்காட்டுல பாம்பு கடிச்சிருந்துச்சாம். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு டீ குடிக்கையிலதான் ஒருத்தன் வந்து சொல்லியிருக்கான். அப்பா பொழைச்ச பெறகு வந்து, டீக்காசு குடுத்து, இடிச்ச வயசாளியத் தேடிப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போனானாம். நான் பாத்தது அந்த ரெண்டு நிமிஷம். மிச்சத்தைப் பாக்காம வந்துட்டேன்.

அதுக்குள்ள தங்கச்சிய வேற இடத்துல குடுத்தாச்சு. நான் பாத்து, எல்லாச் சோதனையிலயும் தேறின மாப்பிள்ளை. மம்பட்டி என்ன, கிளாஸு என்ன, எல்லாம் கழுவித்தான் வைப்பாரு. மூணாவது ரகம்லே அது. மாடு வளக்காத வீடு, அதனால நான் அந்தச் சோதனைய வைக்கல. தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை குத்திப் பேசினதில்ல. பேசியிருந்தா தேவலை.

இதை ஒரு நா பேத்தியிட்டச் சொன்னேன். அவ பாடப் பொஸ்தகத்துல இருந்து ஒரு கதை வாசிச்சா. அமெரிக்காவுல பிரின்ஸ்டன்னு ஒரு ஊரு. அங்கன பாதிரியாருக்குப் படிக்கிற 40 பையங்களை வச்சு டார்லி, பேட்சன்னு ரெண்டு பேரு ஒரு சோதனை. 1973ல வெளியிட்டிருக்காங்க. பையங்களை, அடுத்த கட்டடத்துக்குப் போயி ஒரு சின்னப் பேச்சுப் பேசுங்கன்னு அனுப்பியிருக்காங்க. சில பேருக்குத் தலைப்பு, வழியில அடிபட்டுக் கெடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியன் கதை. போற வழியில ஒரு ஆளை, இருமிக்கிட்டு சுருண்டு கெடக்கிற மாதிரி போட்டு வச்சிருக்காங்க. எவன் நின்னு உதவுதான்னு பாக்கத்தான்.

மொத்தத்துல 16 பேரு உதவியிருக்கான். எவன் நல்லவன், எவனுக்குப் பக்தி எந்த மாதிரின்னு முன்னாடியே கேள்வி கேட்டு எழுதி வச்சிருந்தாங்களாம். உதவினவன் யாரு, தாண்டினவன் யாருன்னு சொல்ல அந்தத் தாளு உதவல. 'நேரம் நிறைய இருக்கு, பைய போ'ன்னு அனுப்பினவங்கள்ல 100க்கு 63 பேரு நின்னிருக்கான். 'நேரமாச்சு, ஓடு'ன்னு வெரட்டி அனுப்பினவங்கள்ல 100க்கு 10 பேருதான். சமாரியன் கதையப் பேசப் போன சில பேரு, கெடந்தவனை அப்படியே தாண்டிப் போயிருக்கான். எனக்குக் கழுகுமலை பஸ்ஸுதான் ஞாபகம் வந்துச்சு. நான் அன்னைக்குப் பாத்தது ஒரு மனுஷனோட குணத்தையா, ஒரு மனுஷனோட அவசரத்தையா?

அதனால இப்ப ஒரு கணக்கு வச்சிருக்கேன். மூணு தடவை பாக்கணும். ஒரு தடவை அவசரமில்லாதப்ப, ஒரு தடவை அவசரத்துல, ஒரு தடவை அந்த அவசரம் முடிஞ்ச பெறகு. மூணாவதுதான் முக்கியம்லே. அவசரத்துல எல்லாப் பயலும் இடிப்பான். இடிபட்டவனைத் தேடிட்டுத் திரும்பி வாரானாங்கிறதுல ஆளு தெரிஞ்சிரும்.

இதையும் எங்க வாத்தியாரு ஒரு நா கேட்டுட்டு, 'வள்ளுவரு இதுக்குத் தனி அதிகாரமே வச்சிருக்காரே, 51ஆவது, தெரிந்து தெளிதல்'ன்னாரு. குணத்தையும் பாரு, குத்தத்தையும் பாரு, எது மிஞ்சி நிக்குதோ அதை வச்சு முடிவு பண்ணுன்னு சொல்லியிருக்காராம். அதோட விடல. பாக்காம நம்புறதும் கேடு, பாத்து நம்பின பெறகு சந்தேகப்படுறதும் கேடுன்னும் முடிச்சிருக்காராம். நல்ல தரகரா இருந்திருப்பாரு மனுஷன். மாட்டைக் கட்டி வீட்டுக்கு ஓட்டியாந்த பெறகு தெனமும் பல்லைப் பிடிச்சுப் பாத்தா, எந்த மாடும் கடிக்கத்தான் செய்யும்.

சோடி சேக்கிறதையும் சொல்லிருதேன். உழவுக்கு ரெண்டு காளை. ஒண்ணு வெரசா நடக்கும், ஒண்ணு பைய நடக்கும். தனித்தனியாப் பாத்தா ரெண்டும் தங்கம். ஒரே நுகத்தடியில பூட்டினா ரெண்டு கழுத்தும் புண்ணு. நல்ல மாடா கெட்ட மாடான்னு கேக்கிறவன் பாதித் தரகன். எந்த மாட்டோட சேத்துப் பூட்டப் போறேன்னு கேக்கிறவன்தான் முழுத் தரகன். நீ வந்ததுல இருந்து பையனைப் பத்தியே கேக்கே. உன் தங்கச்சி வெரசா நடக்கிறவளா, பைய நடக்கிறவளான்னு உனக்குத் தெரியுமா?

முழிக்காதே. இன்னும் முழிக்க வைக்கேன். முந்தாநா மாப்பிள்ளையோட அப்பா வந்தாரு. நீ உக்காந்திருக்கிற இதே கட்டிலு. 'பொண்ணு நல்ல பொண்ணுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அவ அண்ணன் ஆளு எப்படி?'ன்னு கேட்டாரு. ஏன்லே, நாளைக்கு அவுக வீட்டுக்கு நீ மச்சான்லா. சந்தையில மாடு பாக்கப் போனவன், தன்னையும் நாலு பேரு பாக்கான்னு நினைக்கவே மாட்டான்.

என்ன சொன்னேன்னு கேக்கியா? 'சின்னப் பயலாப் பாத்தது, மெட்ராஸ் போயி வருஷமாச்சு, மூணு தடவை பாத்துட்டுச் சொல்லுதேன்'ன்னேன். இன்னைக்கு மொதத் தடவை. வண்டி நெழல்ல, மாடு வெயில்ல. அம்மா போனு ஒரே வார்த்தையில அம்போ. கன்னுக்குட்டிக்குக் கயிறு சுத்தினதும் நான் சொல்லி முடிக்கும் முன்ன எந்திரிச்சு எடுத்து விட்டே பாரு, அது ஒண்ணு கூட்டல்ல இருக்கு. ராத்திரி பஸ்ஸுல தூங்காம வந்திருக்கே, அதனால கழிச்சதுல பாதியை எழுதல. பயப்படாதே.

நேத்து உன் தங்கச்சியும் வந்தா. உனக்குச் சொல்லலயா? நீ கேட்டாத்தானே சொல்லுவா. ஆச்சிக்கு முட்டுவலித் தைலம் கொண்டாந்தா. போற போக்குல சொன்னா, 'தாத்தா, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்'ன்னு. கெளம்புற நேரம், பெரியவங்க எல்லாம் உங்கப்பாட்டக் கும்பிட்டுப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தப் பையன் குனிஞ்சு, அவுக ஆச்சி செருப்பைத் தேடி எடுத்து, அந்தம்மா கால் நுழைக்கிற பக்கமாத் திருப்பி வச்சிருக்கான். அந்தம்மா அதைக் கவனிக்கவே இல்லையாம், தெனமும் நடக்கிற காரியம் மாதிரி காலை விட்டுட்டுப் போயிருச்சாம். 'கவனிச்சிருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும் தாத்தா'ங்கா. நாப்பது வருஷத் தரகுல எனக்கு அது தோணல லே.

நான், 'ஏளா, ஒரு சோடிச் செருப்பை வச்சு முடிவு பண்ணாதே'ன்னேன். 'முடிவு பண்ணல, இன்னும் ரெண்டு தடவை பாக்கணும்'னா. யாரு சொல்லிக் குடுத்தா அவளுக்கு?

அதனால, நீ பஸ் ஸ்டாண்டுல ஒளியுறது எல்லாம் வேண்டாம். வீட்டுக்குப் போ. அம்மாவுக்குப் போனைப் போடு. தங்கச்சியக் கூப்பிட்டு உக்கார வச்சு, 'நீ என்ன பாத்தே?'ன்னு கேளு. தாவணியில மாட்டைக் கேட்டு நாங்க வித்ததில்ல. வாயில்லாச் சீவன், கேட்டாலும் சொல்லாது. அவளுக்கு வாய் இருக்குல்லா? கண்ணு அதைவிடப் பெரிசா இருக்கு. இதை வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து பல்லு எத்தனைன்னு கேட்டுக்கிட்டு நிக்கே.

கெளம்புதியா? சரி. வண்டிய எடுத்ததும் மாட்டை அந்த நெழலுக்கு நானே மாத்திக் கட்டிக்கிடுதேன், நீ போ. ஓ, நீயே கட்டிட்டுப் போறியா? கட்டு.

ஏலே, அந்தச் செம்பு. குடிச்ச இடத்துலயே தரையில வச்சுட்டே பாரு. ஆச்சிக்குக் குனிய முடியாதுன்னு வந்ததுமே சொன்னேன்லா... ஆங், எடுத்துத் திண்ணையில வச்சுட்டியா. நல்லது. ஆனா நான் பாக்கேன்னு தெரிஞ்சு செஞ்சதெல்லாம் கணக்குல வராது.

அதுக்காக மறுபடி கீழ வச்சிராதே.